ஜூன் மாத வகுப்பறை: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது?

எங்கள் பக்கம் கிணற்று மோட்டார் ஓடவில்லை என்றால் காயில் கட்டுகிறவரைக் கூப்பிடுவோம். அவர் வந்த உடனே மோட்டாரைப் பிரிக்க மாட்டார். மூன்று பேஸும் வருகிறதா, பியூஸ் போயிருக்கிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா என்று வரிசையாகப் பார்ப்பார். பாதி நாள் அங்கேயே கோளாறு தெரிந்துவிடும், மோட்டாரில் கையே வைத்திருக்க மாட்டார். நாம்தான் புது வகுப்பில் ஏதாவது சரியில்லை என்றால் எடுத்த எடுப்பிலேயே பிள்ளையைப் பிரித்துப் போட்டுவிடுகிறோம். "இந்த வருஷ பேட்ச்சே சரியில்ல சார்" என்று ஸ்டாப் ரூமில் யாராவது சொல்லாத ஜூன் மாதம் உண்டா?

நான் தர்மபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். பெரும்பாலான வருஷங்கள் ஆறாம் வகுப்புக்கு வகுப்பாசிரியர். சுற்றியுள்ள ஐந்தாறு ஊர்களின் தொடக்கப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்து சேர்வார்கள். அங்கே ஒரு வகுப்பில் பத்துப் பதினைந்து பேர், நாள் முழுக்க ஒரே டீச்சர். இங்கே நாற்பது பேர், பீரியடுக்கு ஓர் ஆள், ஆளுக்கு ஒரு சட்டம். ஒருவர் நோட்டை மேஜையில் வை என்பார், இன்னொருவர் பையில் வை என்பார். முதல் மூன்று வாரம் அந்தப் பிள்ளைகள் எதையும் மீறுவதில்லை. எது சரி என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதனால் கீழே உள்ள எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் என்னையே மூன்று கேள்வி கேட்டுக்கொள்வேன். இதைச் சொன்னேனா? செய்து காட்டினேனா? அவர்களைச் செய்யவிட்டுப் பார்த்தேனா? சொன்னது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். மற்ற இரண்டில்தான் பியூஸ் போயிருக்கும்.

இன்னொரு கருவியும் வேண்டும். முதல் நாளே அரைத்தாளில் ஐந்து கேள்வி கொடுத்து எழுதி வாங்கிவிடுவேன். வீட்டில் உன்னை எப்படிக் கூப்பிடுவார்கள்? வீட்டில் என்ன மொழி பேசுவீர்கள்? யாரோடு இருக்கிறாய்? பள்ளிக்கு எப்படி வருகிறாய்? இன்று காலை என்ன சாப்பிட்டாய்? எழுத வராதவர்கள் பக்கத்தில் வந்து சொல்லலாம். யாருக்கு எழுத வரவில்லை என்பதும் அப்போதே தெரிந்துவிடும். இந்தத் தாள்களைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி தேவைப்படும்.

"உள்ள போனா அடங்கவே பத்து நிமிஷம் ஆகுது"

நீங்கள் நுழையும்போது பிள்ளைகளுக்குச் செய்ய ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். அநேகமாக இருக்காது. மணி அடித்து, போன ஆசிரியர் வெளியேறி, நாம் வராண்டாவைக் கடந்து வந்து, கல்வித் துறையின் எமிஸ் தளத்தில் வருகைப் பதிவு போட நெட்வொர்க் தேடி முடிக்கிற வரைக்கும் அந்த நேரம் யாருக்கும் சொந்தமில்லை. நாற்பது பிள்ளைகள், பதினோரு வயது, கையில் வேலை இல்லை. சத்தம் வராமல் இருந்தால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

கரும்பலகையின் வலது மூலையில் தினமும் இரண்டு கணக்கு இருக்கட்டும். நேற்று நடத்தியது, எல்லோருக்கும் வரக்கூடியது. கடினமான கணக்கைப் போட்டால் பாதிப் பேர் பேனாவை மூடிவிட்டுப் பேச ஆரம்பிப்பார்கள், அப்புறம் போட்டதும் வீண். எங்கள் வகுப்பில் அதற்கு 'மூலைக் கணக்கு' என்று பெயர். மணி அடித்தால் மூலைக் கணக்கு. இதை ஒரு தடவை சொன்னால் பழகாது. முதல் வாரம் முழுக்க வாசலில் நின்று, ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே அனுப்பி, மூலையைக் கையால் காட்டுவேன். அந்த ஒரு வாரத்தில் நாற்பது பெயரும் மனப்பாடம் ஆகிவிடுவது உபரி லாபம்.

இங்கே ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லீடரை நிறுத்தி, பேசுகிறவர்கள் பேரைப் போர்டில் எழுதச் சொல்வது. நாமெல்லாம் அப்படி எழுதப்பட்டவர்கள்தான். பேருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி, திரும்பப் பேசினால் இன்னொன்று. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதையே செய்தேன். ஒரு நாள் லீடரின் சட்டைப் பையில் நாலு கடலை மிட்டாய் இருந்தது. எப்படி வந்தது என்று விசாரித்தால், பேரை அழிக்க ஒரு மிட்டாய், குறியை அழிக்க அரை மிட்டாய் என்று ரேட் போட்டு வைத்திருந்தான். கணக்கில் கெட்டிக்காரன், தப்பு என்னுடையது. பதினோரு வயதுப் பையனை போலீஸ் ஆக்கினால் அவனுக்கும் வகுப்புக்கும் நடுவில் ஒரு வேலி விழுகிறது, நமக்கும் சத்தம் குறைவதில்லை. லீடருக்கு நோட்டு அடுக்குவது, மூலைக் கணக்கைச் சீட்டைப் பார்த்து எழுதுவது, வராதவர்களுக்குப் பாடத்தைச் சொல்வது என்று வேலை கொடுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றுங்கள்.

அப்படியும் அடங்கவில்லையா? சத்தத்துக்கு மேல் பாடத்தைத் தொடங்குகிறீர்களா என்று பாருங்கள். ஒரு நாள் தொடங்கினால் போதும், பேசிக்கொண்டே கேட்கலாம் போல என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள். நான் இரண்டு தடவை கை தட்டுவேன், அவர்கள் பதிலுக்கு இரண்டு தட்டி நிறுத்துவார்கள். தேவையே இல்லாத நேரத்தில் விளையாட்டாக நாலைந்து தடவை பழக்கிவைத்தால்தான் தேவைப்படும் நேரத்தில் வேலை செய்யும்.

"சார்ட்ல எழுதி ஒட்டிருக்கேன், ஒருத்தரும் மதிக்கல"

சார்ட்டில் எத்தனை விதி? பத்துக்கு மேல் இருந்தால் அது ஆண்டாய்வுக்கு வருகிறவர்களுக்காக எழுதியது. எத்தனை 'கூடாது'? 'ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும்' என்று ஒன்று கட்டாயம் இருக்கும். ஒழுங்கு என்றால் என்ன என்று ஆறாம் வகுப்பில் கேட்டுப் பாருங்கள், "கை கட்டிக்கிட்டு ஒக்காரணும் சார்" என்பார்கள்.

நாலு விதி போதும். ஒவ்வொன்றும் கண்ணால் பார்க்கக்கூடிய ஒரு செயலாக இருக்க வேண்டும். 'ஒருவர் பேசும்போது மற்றவர் அவரைப் பார்க்க வேண்டும்' என்றால் செய்தார்களா இல்லையா என்று தெரியும். 'மரியாதை' என்று எழுதினால் தெரியாது.

அமெரிக்காவில் எம்மர், எவர்ட்சன், ஆண்டர்சன் மூவரும் 27 மூன்றாம் வகுப்பு ஆசிரியர்களைப் பள்ளி திறந்த நாளிலிருந்து கவனித்து 1980-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். விதி எல்லோரிடமும்தான் இருந்தது. வருஷம் முழுக்க வகுப்பு நன்றாக ஓடியவர்கள், முதல் சில வாரம் அந்த விதிகளைப் பாடம் போலவே நடத்தியிருந்தார்கள். விளக்கி, பழக்கி, தவறினால் திரும்பக் காட்டி. வேறு எந்த ஆய்வையும்விட இது எனக்குக் கை கொடுத்தது, ஏனென்றால் இதை நாளைக்கே செய்து பார்க்கலாம்.

நான் செய்து பார்த்தது நோட்டுக் கொடுக்கும் வேலையில். முன்பெல்லாம் "நோட்டு வைங்கப்பா" என்றால் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் என் மேஜைக்கு வருவார்கள். ஒருவன் காலை மிதித்தான், ஒருத்தியின் ஜடையை இழுத்தார்கள், இங்க் கொட்டியது, அடுக்கு சரிந்தது. ஒரு ஜூனில் கணக்கை விட்டுவிட்டு இதை மட்டும் நடத்தினேன். கடைசி பெஞ்சிலிருந்து நோட்டு முன்னால் வர வேண்டும். வாங்குகிறவர் தன்னுடையதை மேலே வைத்து, திறந்த பக்கம் என்னைப் பார்க்கிற மாதிரித் திருப்பி முன்னால் தள்ள வேண்டும். முதலில் தப்பாகச் செய்து காட்ட இரண்டு பேரைக் கூப்பிட்டேன். ரொம்ப ரசித்துத் தப்பாகச் செய்தார்கள், வகுப்பே சிரித்தது. அப்புறம் சரியாக. அப்புறம் எல்லோரும், கடிகாரம் வைத்து. நாலாவது தடவை முன் பெஞ்சுக்கு நோட்டு வந்து சேர்ந்ததும், "சார், இன்னொரு தடவை" என்று அவர்களே கேட்டார்கள். ஒரு பீரியட் போயிற்றே என்று அன்றைக்கு உறுத்தியது. வருஷம் முழுக்க வாரம் நாலு நாள் நோட்டு வாங்குகிறவருக்கு அது எத்தனை மடங்காகத் திரும்பி வரும் என்பதைக் கணக்கு வாத்தியார் சொல்லித்தான் தெரிய வேண்டுமா!

"கேள்வி கேட்டா அதே நாலு பேர்தான் கை தூக்குறாங்க"

கேள்வி கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள்? போனில் ஒரு பீரியட் குரலைப் பதிந்து கேட்டுப் பாருங்கள், நமக்கே வெட்கமாக இருக்கும். மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970-களில் இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுக்கிறார்கள். அதை மூன்று நொடி ஆக்கினாலே பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள் என்று கண்டார்.

கேள்வி கேட்டதும் மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். அப்புறம் "பக்கத்துல சொல்லிக்குங்க" என்று அரை நிமிஷம் விடுங்கள். அதற்கப்புறம் சாக்பீஸ் டப்பாவில் போட்டுவைத்த பெயர்ச் சீட்டு ஒன்றை எடுங்கள். பக்கத்தில் சொல்லிப் பார்த்த பதிலை எழுந்து நின்று சொல்வதில் பயம் பாதியாகிவிடும். தெரியாவிட்டால் "கனி என்ன சொன்னா, அதைச் சொல்லு" என்று கேட்கலாம், யாரையும் நிற்க வைத்துத் தண்டிக்க வேண்டியதில்லை.

"ஒரு பிள்ளை வாயே திறக்க மாட்டேங்குது"

இதுதான் நேரம் எடுத்துப் பார்க்க வேண்டியது. ஸ்டாப் ரூமில் இதற்கு 'கூச்ச சுபாவம்' என்று பெயர் வைத்து மூடிவிடுவார்கள். காரணம் நாலைந்து இருக்கும், ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு.

மொழியை முதலில் பாருங்கள், அந்த ஐந்து கேள்வித் தாளில் இரண்டாவது. நம் ஊர்ப் பெயர்களே பாதி 'அள்ளி' என்று முடிகிறவை, கன்னடத்தில் ஊரைக் குறிக்கும் சொல். மாரண்டஅள்ளி, ராயக்கோட்டை, தேன்கனிக்கோட்டை, தளி, ஓசூர் என்று வடமேற்கே போகப் போக வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற பிள்ளைகள் அதிகம். தமிழ் நன்றாகப் புரியும், பேச்சில் வீட்டு மொழி கலந்துவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்வார்கள்.

ஒரு வருஷம் ஓசூர்ப் பக்கமிருந்து, ஐந்தாவது வரை தெலுங்கு வழியில் படித்த ஒருவன் வந்து சேர்ந்தான். "ஏழெட்டு எவ்வளவு?" என்றேன். எழுந்து நின்றான். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் மூன்று எண்ணினேன், ஐந்து எண்ணினேன். பக்கத்துப் பையன் "அவனுக்கு வாய்ப்பாடே தெரியாது சார்" என்றான். உதட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது, அவன் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறான், வேறு மொழியில். "தெலுங்குலயே சத்தமா சொல்லு சாமி" என்றேன். "ஏடு எனிமிதுலு யாபை ஆறு" என்றான். வகுப்பு ஒரு நொடி முழித்தது. அப்புறம் முன் பெஞ்சிலிருந்து ஒருத்தி, "ஆறுன்னு முடியுது சார், சரிதான்!" என்று கத்தினாள். அன்றைக்கு மீதி நேரம் வாய்ப்பாடு இரண்டு மொழியிலும் ஓடியது. ஆகஸ்டில் அவன் தமிழிலேயே ஏழாம் வாய்ப்பாடு சொன்னான், நடுவில் ஒரு 'எனிமிது' வந்து விழுந்தாலும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சிரிக்கிறவர்களை அடக்க இன்னொரு வழியும் உண்டு. ஒரு பெண் "செப்தானு சார்" என்று வாய் தவறிச் சொல்லி வகுப்பு சிரித்தபோது, எங்கள் தமிழாசிரியர் அந்தப் பக்கமாக வந்தவர் நின்றுவிட்டார். "ஏன்டா சிரிக்கிறீங்க? செப்பு தமிழ்ச் சொல்லுதான். இலக்கணத்துல வினாவுக்கு வர்ற விடைக்கு செப்புன்னுதான் பேரு. உங்களைவிட அவ பழைய தமிழ் பேசுறா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இதை நான் கண்டிப்பாகக் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

மொழி இல்லையென்றால் பல். வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிற ஆசிரியர்களுக்கு இது தெரிவதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகமுள்ள ஊர்கள் நிறைய. எனாமல் உருவாகிற சின்ன வயதில் அந்தத் தண்ணீரைக் குடித்த பிள்ளைகளுக்குப் பல்லில் பழுப்புக் கோடு விழுந்துவிடும், எத்தனை தேய்த்தாலும் போகாது. 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே முக்கியமாக இதற்காகத்தான். ஆனால் குழாயில் தண்ணீர் வராத நாளில் போர் தண்ணீர்தானே. கையால் வாயை மூடிக்கொண்டு பேசுகிற, சிரிக்கும்போது குனிந்துகொள்கிற பிள்ளையைப் பாருங்கள். "பல்லு விளக்குனியா?" என்று யாரோ ஒரு பெரியவர் வகுப்பு நடுவில் கேட்டிருப்பார். நானும் ஒரு முறை கேட்டிருக்கிறேன், நினைத்தால் இன்றும் கூசுகிறது. இதற்கு வைத்தியம், அறிவியல் பாடத்தில் வகுப்பு முழுவதற்கும் பொதுவாக, இது தண்ணீரால் வருவது, அழுக்கு இல்லை என்று ஜூனிலேயே சொல்லிவிடுவது. அந்தப் பிள்ளையைக் காட்டிச் சொல்லக் கூடாது. என் பல்லிலேயே கோடு இருப்பதால் எனக்கு அது சுலபம், என்னைக் காட்டிச் சொல்லிவிடுவேன்.

மொழியும் பல்லும் இல்லையென்றால் கண், காது. போர்டில் இருப்பதைப் பார்த்து எழுதாமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறதா, கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் திரும்புகிறதா என்று கவனியுங்கள். பெஞ்ச் மாற்றிப் பாருங்கள், பள்ளிக்கு மருத்துவக் குழு வரும்போது பேரைக் கொடுங்கள். எழுத்துக் கூட்டவே தெரியாத பிள்ளையும் மௌனத்தில் ஒளிந்துகொள்ளும். அதைத் தனியே உட்கார வைத்து வாசிக்கச் சொன்னால்தான் தெரியும், நாலு பேர் முன்னால் இல்லை.

"பதினோரு மணிக்கு மேல ஒண்ணு தூங்குது, ஒண்ணு சண்டை போடுது"

காலையில் சாப்பிட்டார்களா? ஐந்தாவது கேள்வியைப் பாருங்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கானது. போன வருஷம் வரை தொடக்கப் பள்ளியில் காலையில் உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்ட பிள்ளை, ஆறாம் வகுப்புக்கு வந்ததும் வெறும் வயிற்றோடு ஏழரை மணி பஸ்ஸைப் பிடிக்கிறது. வீட்டில் களி கிண்டி முடிக்கும் முன்பே கிளம்ப வேண்டியிருக்கும். நாம் அதை 'ஹைஸ்கூல் வந்ததும் திமிர்' என்கிறோம்.

நான் செய்வது சின்னதுதான். மேஜை டிராயரில் பிஸ்கட் இருக்கும், இன்டர்வெல்லில் யாரும் பார்க்காமல் கொடுப்பேன். பெற்றோர் கூட்டத்தில் இதை ஒரு விஷயமாகவே எடுத்துச் சொல்வேன், பழைய சோறாவது டப்பாவில் கொடுத்துவிடச் சொல்லி. என் பீரியட் மதியத்துக்கு முன்னால் வந்தால் எழுந்து போர்டுக்கு வந்து செய்கிற வேலையாக வைத்துக்கொள்வேன். அடுத்த கோளாறும் இதோடு சேர்ந்ததுதான்.

"லேட்டா வரான், திங்கக்கிழமை வரதே இல்ல"

லேட்டுக்கு முதலில் நாலாவது கேள்வி. ஒரே ஊரிலிருந்து ஐந்து பேரும் லேட் என்றால் அது டவுன் பஸ்ஸின் கோளாறு. அவர்களை வாசலில் நிற்க வைப்பதில் என்ன பிரயோஜனம்? மூலைக் கணக்கின் இரண்டாவது கணக்கிலிருந்து சேர்ந்துகொள்ளலாம் என்று ஒரு வழக்கம் வைத்துவிட்டேன்.

திங்கள் விடுப்புக்கு மூன்றாவது கேள்வி. அப்பா அம்மா பெங்களூரில் கட்டட வேலையில், பிள்ளை பாட்டியோடு. சனி ஞாயிறு பார்க்கப் போனால் திங்கள் மதியம்தான் பஸ் ஏற்றிவிடுவார்கள். அதோடு பள்ளி திறக்கிற ஜூன் மாதம் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்காய் அறுவடை முடிந்திருக்காது. பாலக்கோடு, ராயக்கோட்டையில் தக்காளி விலை ஏறினால் பறிக்கக் கை தேவைப்படும். இதை வாத்தியாரால் நிறுத்த முடியாது. திரும்பி வருகிற பிள்ளையிடம் முதல் வாக்கியம் என்ன என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது. "வாங்க துரை, இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்று கேட்டால் செவ்வாய்க்கிழமையும் வர மாட்டான். "வந்துட்டியா, நேத்து நடத்துனதை ராஜி சொல்லித் தருவா, போ" என்றால் உட்கார்ந்துவிடுவான்.

இன்னொன்று. ஜூன் மூன்றாம் வாரத்துக்குள் எல்லா வீட்டுக்கும் ஒரு போன். குறை சொல்ல வேண்டாம், நல்லதாக ஒரே ஒரு செய்தி. "உங்க பொண்ணு இன்னைக்கு போர்டுல வந்து கணக்கு போட்டுச்சுங்க." முதல் தடவை எடுக்கிறவர்கள் பயந்துவிடுவார்கள், பள்ளியிலிருந்து போன் என்றால் வம்பு என்றுதான் பழக்கம். ஒரு பாட்டி, "சரிங்க சார், அப்ப நாளைக்கு வரட்டுங்களா?" என்று கேட்டார். வர வேண்டியதில்லை, சும்மா சொன்னேன் என்று புரியவைக்கவே ரெண்டு நிமிஷம் ஆயிற்று. அதற்கப்புறம் நான் குறை சொல்லக் கூப்பிட்டாலும் காது கொடுப்பார்கள்.

ஒரு எச்சரிக்கை. எட்டு, ஒன்பதாம் வகுப்புப் பெண் பிள்ளை திடீரென வருவது நின்று, 'வீட்டுக்கு ஆள் வந்து பார்த்துட்டுப் போனாங்க' என்று தோழிகள் பேசிக்கொண்டால் அது வகுப்பறைக் கோளாறு இல்லை. பதினெட்டுக்கு முன் கல்யாணம் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். உடனே தலைமையாசிரியரிடம் சொல்லுங்கள், குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள். உடம்பில் காயத்தோடு வருகிற பிள்ளைக்கும் இதேதான்.

"ஹோம்வொர்க் செய்யறதில்ல"

வகுப்பிலேயே முதல் கணக்கைத் தொடங்க வைத்து அனுப்புங்கள். தொடங்கிய கணக்கு முடியும், தொடங்காதது முடியாது. அளவையும் பாதியாக்குங்கள். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

"ஒருத்தன், ஒரே ஒருத்தன், கிளாஸையே கெடுக்கறான்"

அவன் அதைச் செய்வதற்கு முந்தின அரை நிமிஷம் நீங்கள் எங்கே நின்றீர்கள்? போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்திருப்பீர்கள். ஜேக்கப் கூனின் என்பவர் 1970-ல் வெளியிட்ட ஆய்வில் சொன்னது இது: வகுப்பைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்களுக்கும் முடியாதவர்களுக்கும், கலாட்டா நடந்த பிறகு என்ன செய்கிறார்கள் என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. வகுப்பில் எந்த மூலையில் என்ன நடக்கிறது என்பதை முன்பே கவனித்துவிடுவதில்தான் வித்தியாசம். ஒருவனைக் கண்டிக்கும் விதம் பார்த்துக்கொண்டிருக்கிற மற்றவர்களிடமும் அலை போலப் பரவும் என்றும் சொன்னார். ஒருவனைத் திட்டும்போது முப்பத்தொன்பது பேர் பாடம் படிக்கிறார்கள், கணக்குப் பாடம் இல்லை.

போர்டில் எழுதும்போது பக்கவாட்டில் நில்லுங்கள். எழுதும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டுப் பின் பெஞ்சுக்குப் போய் நின்றுகொள்வது இன்னும் நல்லது. அவன் பக்கத்தில் நின்று, அவனைப் பார்க்காமல், பாடத்தைத் தொடருங்கள். பெரும்பாலும் அதிலேயே நின்றுவிடும். நிற்கவில்லையென்றால் குனிந்து காதருகே ஒரு வாக்கியம், என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்: "மூணாவது கணக்கு, போடு." ஏன் செய்தாய் என்ற கேள்வி வேண்டாம். பதில் சொல்ல ஆரம்பித்தால் மேடை கிடைத்துவிடும்.

அதோடு, பத்து நாள், தினமும் இரண்டு நிமிஷம், படிப்பைத் தவிர வேறு எதைப் பற்றியாவது அவனோடு பேசுங்கள். நான் இப்படிப் பேசிய ஒருவன் முதல் மூன்று நாள் "ம்" மட்டும் சொன்னான். நாலாம் நாள் எருது விடும் விழா பற்றிக் கேட்டேன். அவர்கள் வீட்டுக் காளையின் கொம்புக்கு என்ன பெயின்ட் அடித்தார்கள், ஓடும்போது எந்தப் பக்கம் சாயும், அதற்குத் தவிடு எத்தனை படி, சொல்லிக்கொண்டே போனான். மணி அடித்துவிட்டது, நான்தான் கிளம்ப வேண்டியிருந்தது. அதற்கப்புறம் அவன் கலாட்டா செய்யவே இல்லை என்று சொன்னால் பொய். செய்தான். ஆனால் நான் பார்த்தால் நிறுத்தினான், முன்பு பார்த்தால்தான் அதிகமாக்குவான்.

பெற்றோர் வந்தால், "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார், நான் கேக்க மாட்டேன்" என்பார்கள். நம்பிக்கையில்தான் சொல்கிறார்கள், கோபித்துக்கொள்ள வேண்டாம். 2009-ம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு அடிப்பதை மட்டுமின்றி மனத்தை நோகடிப்பதையும் தடை செய்கிறது. முட்டி போட வைப்பது, பட்டப்பெயர், குடும்பத்தை இழுத்துப் பேசுவது எல்லாம் அதில் வரும். நான் பெற்றோரிடம் சட்டம் பேசுவதில்லை. "தோலை உரிச்சா அப்புறம் அவன் என்னைப் பார்த்து ஓடுவான், கணக்கு யாருங்க சொல்லித் தர்றது?" என்று கேட்பேன். சிரித்துவிட்டு டீ சாப்பிடப் போவார்கள்.

"பிரண்ட்லியா இருந்தேன், இப்ப தலைமேல ஏறிட்டாங்க"

புதிதாக வேலைக்கு வந்தவர்களிடம் வருஷா வருஷம் கேட்கிறேன். பிரியமாக இருந்ததில் கோளாறு இல்லை. திங்களன்று அனுமதித்ததை வியாழனன்று திட்டியதில்தான் கோளாறு. உங்கள் மனநிலை பார்த்துத்தான் சட்டம் என்று ஆகிவிட்டால் பிள்ளைகள் பாடத்தை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் படிப்பார்கள்.

ஒரு திங்கட்கிழமை பார்த்து மறுபடி தொடங்குங்கள். "போன ரெண்டு வாரமா நான் ஒரு நாள் ஒண்ணு சொன்னேன், ஒரு நாள் ஒண்ணு சொன்னேன். தப்பு என்னோடது. இன்னையிலிருந்து இந்த நாலுதான்" என்று நேராகச் சொல்லிவிடலாம். வாத்தியார் தப்பை ஒப்புக்கொண்டால் மரியாதை போய்விடும் என்பார்கள். எனக்குப் போகவில்லை. அந்த வாரம் முழுக்க அந்த நாலை மட்டும் விடாமல் பாருங்கள், மற்றதைக் கண்டுகொள்ளாதீர்கள்.

இதற்கு நேர்மாறான கோளாறு, நீங்கள் இருந்தால் ஊசி விழுந்தால் கேட்கும், வேறு ஆசிரியர் வந்தால் சந்தை. ஸ்டாப் ரூமில் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். பழக்கம் வரவில்லை, பயம்தான் வந்திருக்கிறது என்று அர்த்தம். மூலைக் கணக்கு, கைதட்டல், நோட்டு அடுக்குவது மூன்றையும் மற்ற பாட ஆசிரியர்களிடமும் சொல்லி, ஆறாம் வகுப்புக்கு எல்லோரும் ஒன்றே செய்வது என்று பேசி முடித்துக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளியில் அதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று, இன்னும் ஒருவர் சம்மதிக்கவில்லை.

"ஜூலை, ஆகஸ்ட் நல்லா இருந்துச்சு, காலாண்டு லீவு முடிஞ்சு வந்தா பழைய கதை"

கோளாறே இல்லை இது. லீவில் நாமும்தான் காலையில் எழுந்திருக்க மறந்துவிடுகிறோம். முதல் நாள் பாடம் எடுக்காதீர்கள். நோட்டைக் கடைசி பெஞ்சிலிருந்து முன்னால் அனுப்பும் வேலையை மறுபடி கடிகாரம் வைத்துச் செய்யுங்கள், வாசலில் நின்று பேர் சொல்லுங்கள். ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். போன அக்டோபரில் நான் கடிகாரத்தை எடுத்ததுமே பின் பெஞ்சிலிருந்து, "சார், ஜூன்ல எவ்ளோ நேரம் ஆச்சுன்னு எழுதி வெச்சிருக்கேன்" என்று ஒருவன் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினான். எழுதித்தான் வைத்திருந்தான், தேதியோடு.